மரத்த பாதமும் ஈர வரப்பும்: காவிரிப் படுகை விவசாயி ஒருவரின் நடைப் பயிற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் திருவாரூர் மாவட்டத்தில் வெட்டாற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு சிற்றூரைச் சேர்ந்த 68 வயது விவசாயி. அவருடைய ஒப்புதலையும் குடும்பத்தாரின் ஒப்புதலையும் பெற்று, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதுகிறேன். பக்கத்து நகரத்தில் சிறிய பிசியோதெரபி நிலையம் நடத்துபவன் நான். இதில் முதல் மூன்று வாரங்கள் வீணானதற்கு என்னுடைய கவனக்குறைவே காரணம் என்பதால், அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். மூத்த மகன் உள்ளூரிலேயே இருந்தாலும், மடை திறப்பது, வரப்பு வெட்டுவது, தண்ணீர் கட்டுவது ஆகியவற்றை அவர் தம் கையிலேயே வைத்திருந்தார். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் 9 ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்குமான மாத்திரைகளை, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் மாதந்தோறும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். இவை தவிர, ப்ராஸ்டேட் வீக்கத்துக்காக வேறொரு மருத்துவர் எழுதித் தந்த டாம்சுலோசின் மாத்திரையை இரவில் போட்டுக்கொள்வார். வலது கண்ணில் புரை வளர்ந்திருந்தது. அறுவைச் சிகிச்சையை ஒவ்வோர் அறுவடையையும் காரணம் காட்டித் தள்ளிவைத்திருந்தார்.

எட்டு மாதங்களில் மூன்று முறை விழுந்திருக்கிறார். நவம்பரில் சம்பா வயலின் வரப்பிலிருந்து சேற்றுக்குள் சரிந்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லருகே விழுந்து இடுப்பில் அடிபட்டது. ஜூன் கடைசியில், மேட்டூர்த் தண்ணீர் ஊர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனவர், வாய்க்கால் கரையில் கால் இடறி விழுந்தபோது இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் அவர் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார். கட்டுப் பிரித்தபோது கை சேர்ந்துவிட்டது, ஆனால் நடை போய்விட்டது என்று மருமகள் சொன்னார். குடும்பம் வயலுக்குப் போகக் கூடாது என்று தீர்மானித்து, அலுமினிய ஊன்றுகோல் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தது. அவர் அதை ஒரு நாள்கூடத் தொடவில்லை.

முதல் மதிப்பீடும் அதில் நேர்ந்த பிழையும்

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் என்னிடம் வந்தார்கள். “முட்டி தேஞ்சு போச்சுங்க, அதனாலதான் மாமா விழுறாங்க” என்று மருமகள் எக்ஸ்ரேயை நீட்டினார். இரு முட்டிகளின் உட்புறத்திலும் மிதமான தேய்மானம் தெரிந்தது. வலியும் இருந்தது. விழுந்ததற்குக் காரணம் கைக்கு எட்டியதுபோல் இருந்ததால், அதற்கு மேல் நான் துருவவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனையை முடிக்க அவருக்கு 19.4 நொடி ஆனது. 12 நொடியும் அதற்கு மேலும் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று பொதுவாகக் கொள்வது வழக்கம். 14 செயல்களுக்கு 56 மதிப்பெண் கொண்ட பெர்க் சமநிலை அளவீட்டில் 38 எடுத்தார். கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 நொடியில் நாற்காலியிலிருந்து ஆறு முறை எழுந்தார். நடை வேகம் நொடிக்கு 0.58 மீட்டர். கால்களை அகல வைத்து, கண்ணைத் தரையிலேயே பதித்து, பாதத்தைப் பட்டென்று தரையில் அறைந்து நடந்தார். இந்தக் கடைசி வரியை என் கைப்பட நானே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். எழுதியும் அதன் பொருளைப் படிக்கவில்லை. முட்டி வலிக்காரர் பாதத்தை அறைந்து நடக்க வேண்டிய அவசியமில்லை.

முட்டிக்கு ஒத்தடம், முன்தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, வாரம் மூன்று வருகை என்று திட்டம் போட்டேன். (ஒத்தடம் முட்டியோடு நின்றது நல்லதாயிற்று. அதே சூட்டை அவருடைய பாதத்தில் வைத்திருந்தால் கொப்புளம் எழும்பிய பிறகுதான் இருவருக்கும் தெரிந்திருக்கும்.) மூன்று வாரத்தில் முட்டி வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் 19.4 நொடி 18.1 ஆனது, 38 மதிப்பெண் 40 ஆனது. இவை அளவிடும்போது இயல்பாகவே நேரும் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடக்கூடிய மாற்றங்களே அன்றி முன்னேற்றம் அல்ல. வலி குறைந்தும் நடை தேறாதது எனக்கு உறுத்தியது.

செருப்புக் கழன்ற நாள்

செப்டம்பர் நடுவில் ஒரு மாலை, பயிற்சி முடிந்து வாசலில் நின்ற ஆட்டோவை நோக்கி நடந்தார். படியருகே வலது கால் செருப்புக் கழன்று பின்னால் கிடந்தது. அவர் நிற்கவில்லை, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாக ஏழெட்டு அடி சரளைக் கல்லின்மேல் நடந்து ஆட்டோவில் ஏறிவிட்டார். பேரன் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடியபோதுதான் குனிந்து தம் காலைப் பார்த்தார். “வயல்ல அடிக்கடி இப்படித்தான் தம்பி, எங்க விட்டேன்னே தெரியாது” என்று சிரித்தார்.

அவரை இறங்கி உள்ளே வரச் சொன்னேன். அன்று செய்த சோதனைகள் எல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டியவை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் பத்து இடங்களில் வைத்தபோது வலப் பாதத்தில் மூன்று இடங்களிலும் இடப் பாதத்தில் நான்கு இடங்களிலும் மட்டுமே உணர்ந்தார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு இரு பெருவிரல்களிலும் தெரியவில்லை. கணுக்காலில் மங்கலாகவும் முட்டியில் தெளிவாகவும் தெரிந்தது. கண்ணை மூட வைத்துப் பெருவிரலை மேலும் கீழும் அசைத்தால் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லத் தடுமாறினார். கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடியவுடன் நான்கு நொடியில் சாய்ந்தார். பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். கணுக்காலை மேல்நோக்கி மடக்குவது ஐந்து டிகிரிக்கு மேல் போகவில்லை. வலது சுண்டுவிரலின் அடியில், எப்போது பட்டது என்று அவருக்கே தெரியாத சிறு கீறல் ஒன்று இருந்தது.

பிறகு இரத்த அழுத்தம். அதுவரை உட்கார வைத்தே அளந்துகொண்டிருந்தேன். படுக்க வைத்து அளந்தபோது 142/84. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 118/74. மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும்; இவருக்கு 24 இறங்கியிருந்தது. தலை சுற்றுகிறதா என்று கேட்டதற்கு, லேசாகக் கண் இருட்டுவது வயதானால் எல்லாருக்கும் வருவதுதானே என்றார்.

அதன்பின் மூன்று விழுதல்களையும் பற்றி மீண்டும் கேட்டேன். எங்கே விழுந்தார் என்பதைத்தான் குடும்பம் சொல்லியிருந்தது. நானும் அதையே கேட்டிருந்தேன். எந்த நேரத்தில் என்று இப்போது கேட்டபோது விவரம் வேறாக வந்தது. நவம்பரில் மடையை அடைத்துவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பிப்ரவரியில் நள்ளிரவுக்குப் பின் சிறுநீர் கழிக்க எழுந்து போனபோது. ஜூனில் விடிவதற்கு முன், நாலரை மணிக்கு. மூன்றும் இருட்டில், அவற்றில் இரண்டு, படுக்கையிலிருந்து எழுந்த சில நிமிடங்களுக்குள்.

மனிதர் நிலையாக நிற்பதற்குக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு என மூன்று வழிகளில் செய்தி வருகிறது. நீண்டநாள் சர்க்கரை நோயில் நேர்வதுபோல், இவருக்குப் பாதத்தின் வழி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. அதைக் கண்ணால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். தரையை விட்டுப் பார்வையை எடுக்காததும், பாதத்தை அறைந்து வைத்ததும் அதனால்தான். வெளிச்சம் போனதும் மிச்சமிருந்த ஆதாரமும் போயிற்று. புரை வளர்ந்த கண் அதையும் முன்கூட்டியே குறைத்திருந்தது. முட்டி இதில் ஒரு துணைக் காரணம் மட்டுமே.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் மருந்து. மாத்திரைப் பட்டியலை ஒரே தாளில் எழுதி, படுத்தும் நின்றும் எடுத்த அழுத்த அளவுகளையும் சேர்த்துப் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். தன்னார்வலர் கொடுக்கும் மாத்திரைகள் ஒரு பையிலும், எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கக்கூடிய டாம்சுலோசின் வேறொரு டப்பாவிலும் இருந்ததால், இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை. மருத்துவர் அழுத்த மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினார். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு, நரம்புகளுக்கு வேண்டிய பி12 வைட்டமின் குறையக்கூடும் என்பதால் அதையும் பரிசோதித்தார். குறைந்தே இருந்தது, ஊசி தொடங்கினார். மூன்று வாரத்துக்குப் பின் எழுந்து நிற்கும்போது இறங்கும் அளவு 24-இலிருந்து 10 ஆனது.

அடுத்து வீட்டைப் போய்ப் பார்த்தேன். கழிப்பறை கொல்லையில், பின்வாசலிலிருந்து 22 தப்படி தூரத்தில் இருந்தது. இடையில் துவைக்கும் கல். அதைச் சுற்றிப் பாசி. பின்வாசல் படி ஒன்பது அங்குல உயரம், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. விளக்கு கழிப்பறைக்குள் இருந்தது, வழியில் இல்லை. பின்வாசலில் எல்இடி விளக்கும், மின்சாரம் போனால் தானே எரியும் சார்ஜ் விளக்கும், படியருகே ஒரு குழாய்க் கைப்பிடியும் பொருத்த மகன் ஒப்புக்கொண்டார். இரவில் கட்டிலருகே சிறுநீர்க் குடுவை வைக்கலாம் என்று சொன்னபோது பெரியவர் முகம் திருப்பிக்கொண்டார். அதை வற்புறுத்தாமல் விட்டேன். இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி பேசி முடித்தார். எப்படிப் பேசினார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவதாகப் பயிற்சி. போன உணர்வைப் பயிற்சியால் மீட்டுத் தர முடியாது என்பதை முதலில் அவரிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லிவிட்டேன். பயிற்சியால் கூடுவது தசை வலுவும், தடுமாறும் நொடியில் காலை எடுத்து வைக்கும் வேகமும்தான். எனவே கண்ணை மூடி நிற்கும் பயிற்சிக்கு நான் அதிக நேரம் ஒதுக்கவில்லை. அதை நிறையச் செய்விப்பவர்கள் உண்டு. ஆனால் பாத உணர்வு இந்த அளவுக்குப் போனவரிடம் அது பயத்தை வளர்ப்பதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

வாரம் இரண்டு நாள் நிலையத்திலும் மற்ற நாட்களில் வீட்டிலும் என்று அமைத்தோம். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, பிறகு குதிகாலில் நிற்பது. பெஞ்சிலிருந்து கையூன்றாமல் எழுவது. பழைய சேலைத் துணியில் தைத்த அரைக் கிலோ மணல் பையைக் கணுக்காலில் கட்டிக் காலை முன்னும் பக்கவாட்டிலும் தூக்குவது. பை டிசம்பருக்குள் ஒன்றரைக் கிலோ ஆயிற்று. நிற்பதில் முதலில் பாதங்களைச் சேர்த்து, பிறகு ஒரு பாதத்தைப் பாதி முன்னால் வைத்து, கடைசியில் ஒன்றன்முன் ஒன்றாக. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் அடி வைப்பதற்குத் தனி நேரம் கொடுத்தேன், ஏனெனில் வரப்பில் சறுக்குபவர் முன்னால் விழுவதில்லை, பக்கத்தில்தான் சரிகிறார். கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சி தினமும் இரு வேளை. ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் நாற்காலியை விட்டு மணையில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். தரையிலிருந்து எழும் பழக்கம் விட்டுப்போனால், விழுந்தவர் எழவும் முடியாது.

பாதத்தைத் தினமும் மாலை பேரன் கைவிளக்கு வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. பன்னிரண்டு வயதுப் பையன் அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவந்தான்.

கழி பற்றிய வாக்குவாதம்

ஊன்றுகோலை அவர் மறுத்ததைக் குடும்பம் பிடிவாதம் என்றது. உண்மையில் அவர் சொன்ன காரணம் சரியானது: அதன் சிறிய ரப்பர் முனை சேற்றில் புதைந்துவிடும், இடுப்புயரக் கோல் வரப்புச் சரிவில் கீழே எட்டாது. அவர் பழகியது மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது. அது ஒரு பக்கம் எடையை மேலே ஏற்றி, கையையும் பூட்டிவிடுகிறது. சரியும்போது அந்தக் கை உதவிக்கு வராது.

நாங்கள் உடன்பட்டது தோளுயர மூங்கில் கழிக்கு. கழி உடலைத் தாங்குவதற்கு மட்டும் என்று நினைத்தால் அதன் பாதிப் பயன் போய்விடும். அசையாத ஒன்றை விரல் நுனியால் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே உடலின் தள்ளாட்டம் குறையும். உள்ளங்கை மரத்துப்போகாத அவருக்கு, தரை இளகியதா கெட்டியா என்பதைப் பாதத்துக்குப் பதில் கழி சொல்லும். முதலில் கழியை ஊன்றி, அது நின்ற பிறகு காலை எடுத்து வைக்கும் ஒழுங்கை முற்றத்தில் பழக்கினோம். மண்வெட்டியை மகன் தூக்கி வருவார் அல்லது அது வயல் கொட்டகையிலேயே இருக்கும் என்பது மறு பாதி ஒப்பந்தம்.

செருப்பில் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. மரத்த பாதத்தோடு வெறுங்காலில் நடக்கக் கூடாது. ஆனால் எந்தச் செருப்பும் நனைந்த களிமண்ணில் ஒட்டிக்கொண்டு காலை இழுக்கும். பின்பட்டை வைத்த செருப்போடு வாய்க்கால் கரையும் காய்ந்த வரப்பும் மட்டும், ஈர வயலுக்குள் இறங்குவது இல்லை என்று நிறுத்தினோம். நாற்றங்காலில் கால் வைக்காமல் என்ன விவசாயம் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மழைக்காலம்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலையத்துக்கு வருவது பாதியாகக் குறைந்தது. மருமகள் எண்ணிச் சொல்ல, வீட்டுப் பயிற்சி மட்டும் நிற்காமல் நடந்தது. கூடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஓரடி அகலத்தில் இரண்டு கோடு கிழித்து, அதை வரப்பாகப் பாவித்து நடக்க வைத்தோம். பிறகு கையில் தண்ணீர்ச் சொம்போடு. பிறகு மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு. எண்ணச் சொன்னதும் கோட்டை மிதித்தார். அப்படியென்றால் வயலில் யாராவது கூப்பிட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும், நடந்துகொண்டே சொல்லக் கூடாது என்று விதி வைத்தோம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு பகலில் துவைக்கும் கல்லருகே வழுக்கி உட்கார்ந்தாற்போல் விழுந்தார். காயம் இல்லை, தாமே மண்டியிட்டு, கல்லைப் பிடித்து எழுந்துவிட்டார். பாசியைத் தேய்த்து நீக்கியிருந்தார்கள், ஆனால் மழையில் பத்தே நாளில் மீண்டும் படர்ந்திருந்தது. அந்த இடத்தில் சொரசொரப்பான சிமெண்ட் பூச வேண்டும் என்று செப்டம்பரிலேயே நான் சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் நடுவில், செப்டம்பர் மறுமதிப்பீட்டுக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து, எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பும் சோதனையில் 18.1 நொடி 13.2 ஆகியிருந்தது. பெர்க் 47. நாற்காலியிலிருந்து எழுவது 11 முறை. நடை வேகம் 0.81 மீட்டர். நைலான் இழைச் சோதனையில் மாற்றம் இல்லை.

வரப்பில்

சம்பா அறுவடை முடிந்து, அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து தளிர்த்திருந்த பிப்ரவரியில் வயலுக்குப் போனோம். தரை காய்ந்திருந்தது. முதல் நாள் அகலமான வாய்க்கால் கரையில் நூறு அடி. மகன் வயல் பக்கத்தில் ஒரு படி கீழே இறங்கி உடன் நடந்தார், நான் பின்னால். மூன்றாம் வருகையில் ஓரடி வரப்பு. கூடத்துக் கோட்டில் பிசகாமல் நடந்தவர் இங்கே பத்தடியில் நின்றுவிட்டார். கோட்டுக்கு இருபுறமும் தரை இருந்தது. வரப்புக்கு இருபுறமும் பள்ளம். கைகள் இறுகி, அடிகள் குறுகின. நான்கு நாள் அதே பத்தடியைத் திரும்பத் திரும்ப நடந்தோம். திரும்புவதற்கு, ஒரே இடத்தில் சுழலாமல் கழியை ஊன்றி நான்கு சிறு அடிகளாகத் திரும்பப் பழகினார். அதன்பின் ஒரு வருகையில் தம் மடை வரை போய், குனியாமல் கழியால் மடைப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

விளைவு

மார்ச் முதல் வாரத்தில் 12.8 நொடி, பெர்க் 48, எழுவது 12 முறை, நடை வேகம் 0.86 மீட்டர். 12 நொடிக்குக் கீழே அவர் வரவில்லை. டிசம்பருக்குப் பின் விழவில்லை என்றாலும், மூன்று மாதம் என்பது குறுகிய காலம். அதில் பெரும்பகுதி உலர்ந்த பருவமும்கூட. காலை எட்டு மணிக்கு மேல் கழியோடு வாய்க்கால் கரைக்கும் மடைக்கும் தனியாகப் போய்வருகிறார். பொழுது சாய்ந்த பின் தண்ணீர் கட்டுவது மகனுடைய வேலையாகிவிட்டது. இதை அவர் மனம் ஒப்பி ஏற்றார் என்று சொல்ல முடியாது. பாதத்துக் கீறல் ஆறியது. பேரனின் நோட்டில் அதன்பின் இரண்டு சிறு காயங்கள் பதிவாகி, இரண்டும் அன்றைக்கே கவனிக்கப்பட்டன.

மாற்றிச் செய்ய வேண்டியவை

விழுந்து வருபவரிடம் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லிப் பாதத்தைச் சோதிப்பது இப்போது என் வழக்கமாகியிருக்கிறது. நைலான் இழையும் இசைக்கவையும் மேசைமேலேயே இருக்கின்றன. இரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் எடுக்கிறேன். விழுந்த இடத்தோடு நேரத்தையும், எழுந்து எத்தனை நிமிடத்தில் விழுந்தார் என்பதையும் குறிக்கப் படிவத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். மாத்திரைகளை, எந்த டப்பாவில் இருந்தாலும், கையோடு கொண்டுவரச் சொல்கிறேன்.

வரப்புப் பயிற்சியைப் பிப்ரவரி வரை தள்ளியது பருவத்தின் கட்டாயம் என்று அப்போது நினைத்தேன். செப்டம்பரிலேயே களத்து மேட்டில் ஓரடி அகலத்துக்கு மண்ணைக் குவித்து, அரையடி உயரத்தில் ஒரு பொய் வரப்புக் கட்டியிருந்தால், பள்ளத்தைக் கண்டு ஏற்பட்ட அந்த இறுக்கத்தை நான்கு மாதம் முன்னதாகவே கண்டிருக்கலாம். கண்புரை அறுவைச் சிகிச்சையையும் பயிற்சியின் தொடக்கத்திலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். உளுந்து எடுத்த பிறகு என்று இப்போது நாள் குறித்திருக்கிறார்கள். அடுத்த மதிப்பீட்டை மே கடைசியில், குறுவைக்குத் தண்ணீர் வருவதற்கு முன் வைத்திருக்கிறோம். இம்முறை தண்ணீர் வந்த சேதி கிடைத்தால் விடியும்வரை காத்திருந்து, மகனோடுதான் போவது என்று அவர் சொல்லியிருக்கிறார்.